பழுதை எங்கே இறக்கி வைப்பது?

மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஏற்றத்தில் பழுதான வண்டி நின்றுவிடும், அவ்வளவே. இறக்கத்தில் பழுதான வண்டி நிற்க மறுக்கும். எனவேதான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஒரு வண்டியை இறக்கத்தில் வைத்தே எடைபோடுகிறார்கள்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் நாம் பணியாற்றிய காலத்தில், பங்குக்கென ஒரு பழைய ஜீப் இருந்தது. 1994 ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி அது. காப்பித் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே சிதறிக் கிடந்த கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்வதற்கும், பேறுகாலப் பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் வத்தலக்குண்டு வரை இறக்கிக் கொண்டு சேர்ப்பதற்கும் அதுவே துணை. 2008 ஆம் ஆண்டளவில் அதற்கு ஒரு நோய் கண்டது. இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

இதன் பொருளை வண்டி ஓட்டாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பாலபாடம். தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னின்று பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கிற்குப் பாதி வேலைதான். கியர் கழன்றுவிட்டால் அந்தப் பிடி அறுந்துபோகும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

இதற்கு நாம் கண்ட மருந்து எளியது. இடக்கையால் கியர் ராடை இறுகப் பிடித்துக்கொள்வோம். வலக்கையால் மட்டும் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்போம். ஏறக்குறைய ஓராண்டு இவ்வாறே ஓட்டினோம். பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். நம் கை ஏன் அந்த ராடை விட்டு அகலவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

மூன்று வழிகள்

2009 ஆம் ஆண்டில் வண்டியின் பதிவுக்குரிய 15 ஆண்டுகள் நிறைவடையும் வேளை வந்தது. தகுதிச் சோதனைக்குக் கொண்டு சென்று மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அல்லது வண்டியைக் கைவிட வேண்டும். பங்குப் பேரவையில் மூன்று கருத்துகள் எழுந்தன. கியர் பாக்ஸைத் திறந்து பழுது பார்க்கலாம் என்றனர் சிலர். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றி விற்கும் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றனர் வேறு சிலர். வண்டியையே விற்றுவிட்டுச் சற்றே புதிய வண்டி வாங்கலாம் என்பது மூன்றாம் கருத்து. பெரும்பான்மை மூன்றாம் கருத்தின் பக்கம். உண்மையைச் சொன்னால், நம் மனமும் அப்பக்கமே சாய்ந்திருந்தது.

வாங்குபவரும் வாய்த்தார். அடுத்த சரிவில் வாழை பயிரிடும் விவசாயி அவர். தகரத்தைத் தட்டிப் பார்த்தார், டயர்களைப் பார்த்தார், எஞ்சினை முடுக்கிக் காது கொடுத்துக் கேட்டார், கோயில் வளாகத்தில் இரண்டு சுற்று ஓட்டினார். சமதளத்தில் இரண்டாம் கியர் கழலாது. "வண்டி நல்லாத்தான் இருக்கு சாமி" என்றார். நாம் புன்னகைத்தோம்.

அந்தப் புன்னகை பொய்யா, இல்லையா? இக்கட்டுரையின் வினா அதுவே.

பட்டறையில் ஒரு கேள்வி

விற்பதற்கு முன் ஆயில் மாற்றித் துடைத்து வைக்கலாம் என்று மலையடிவாரப் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். மேஸ்திரி நம்மைவிட மூத்தவர். நம் சமயத்தவர் அல்லர். வண்டியை மலைப்பக்கம் சிறிது தொலைவு ஓட்டிச் சென்று திரும்பினார்.

"விக்கிறதுக்கா சாமி?"

"ஆமாம் மேஸ்திரி. வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்."

"எந்த ஊருக்காரரு?"

ஊரைச் சொன்னோம்.

"அப்போ மலையிலதான் ஓட்டுவாரு. ரெண்டாங் கியர் கழலுதுன்னு அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அவரே ஓட்டிப் பார்த்தார்" என்றோம்.

மேஸ்திரி மறுமொழி கூறவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார். நாம் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனினும், குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்ற நமக்கு, அந்தத் தேநீர் வரும்வரை தலை நிமிரவில்லை.

பழுது எது என்று அறிதல்

தேநீர் அருந்தியபின் மேஸ்திரி கூறிய செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று ஓராண்டாகத் தீர்ப்புக் கூறிவந்தோமே, அந்தத் தீர்ப்புக்கு முன் விசாரணை நடக்கவே இல்லை என்றார். பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினார்.

எல்லாக் கியரும் உறுமிக்கொண்டு விழுந்தால் குற்றம் பெரும்பாலும் கியர் பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். ஒரே ஒரு கியர் மட்டும் உறுமினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஓட, வண்டி நியூட்ரலில் நிற்க, கிளட்ச் மிதியை அழுத்தியதும் இரைச்சல் நின்றால் உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது; அழுத்தியபின்தான் இரைச்சல் எழுகிறது என்றால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்க வேண்டும்; அது பெட்டிக்கு வெளியே உள்ளது. கியர் கழன்றுகொண்டால் காரணங்கள் பல. பெட்டியைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கலாம். கியரை இடத்தில் பிடித்து நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் வலுவிழந்திருக்கலாம். தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். பற்களின் முனை மழுங்கியிருக்கலாம். ஷாஃப்ட்டே முன்னும் பின்னும் ஆடலாம். முதலிரண்டும் சில மணி நேர வேலை. மற்றவற்றுக்குப் பெட்டியை இறக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் இன்னொரு ஐயமும் உண்டு. கியர் பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பகிர்ந்தளிப்பது அது. சில வேளை கழல்வது அதன் கியராக இருக்கும். பழியோ முன்னிருக்கும் பெட்டியின் மேல் விழும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொல்கிறார். மேஸ்திரி குறள் படித்தவரா என்பதை நாம் அறியோம். ஆனால் அதிகாரத்தின்படி நடந்தவர்.

அடுத்து அவர் கூறியதுதான் நம்மைத் தைத்தது. "கியர் ராடைக் கையால புடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க. அந்த அழுத்தம் நேரா ஃபோர்க்குக்குப் போகும். சுத்திக்கிட்டிருக்கிற வளையத்து மேல ஃபோர்க் உரசிக்கிட்டே இருக்கும். தேயாம என்ன செய்யும் சாமி?"

பழுதை மறைக்க நாம் பயன்படுத்திய கையே பழுதை வளர்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் ஓர் அறவுரை தேவைப்படவில்லை.

அக்குவினாஸ் கூறும் குதிரை

அன்றிரவு நம் பழைய பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77 ஆம் வினாவை வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றுக்கென்றே ஒதுக்கியுள்ளார். விற்பவர் தம் பொருளின் குறையைக் கூறக் கடமைப்பட்டவரா என்று அங்கே கேட்கிறார். அவருடைய விடை இருபுறமும் எண்ணிப் பார்த்தது. குறை வெளிப்படையானது என்றால், எடுத்துக்காட்டாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால், அதற்கேற்ப விலையைக் குறைத்திருக்கும் நிலையில் அதை எடுத்துச் சொல்லக் கடமையில்லை; வாங்குபவர் கண்ணால் காண்கிறார். ஆனால் குறை மறைவானது, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேரும் என்றால், சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது ஏமாற்றே என்கிறார்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. குறையைத் தெருவில் பறையறைந்து சொல்ல வேண்டியதில்லை. வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் தனியே சொன்னால் போதும் என்பது முதலாவது. மற்றொன்று சிசரோவிடமிருந்து வருகிறது. கி.மு. 44 இல் எழுதிய கடமைகள் பற்றிய தம் நூலில் சிசரோ ஒரு வணிகரைக் காட்டுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்ந்தவர், பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அறிவார். அதை மறைத்து உயர்ந்த விலைக்கு விற்கலாமா? கூடாது என்கிறார் சிசரோ. அக்குவினாஸோ, சொல்வது உயர்ந்த நற்பண்பு, எனினும் கண்டிப்பான நீதி அதைக் கட்டாயப்படுத்தாது என்கிறார். ஏனெனில் வரப்போகும் விலைச்சரிவு தானியத்தின் குறையன்று. இன்றைய விலைக்கு உரிய தானியத்தையே அவர் கொடுக்கிறார்.

நம் ஜீப் எந்தக் கணக்கில் சேரும்? இரண்டாம் கியர், ஒற்றைக் கண் குதிரை அன்று. சமதளத்தில் ஓட்டியவர் கண்ணுக்கு அது தெரியாது. வரப்போகும் கப்பலும் அன்று. குறை பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இழப்பு மட்டுமன்று, ஆபத்தும் கலந்தது; வாழைத்தார்களோடு கூலியாட்களும் ஏறி வருவார்கள். "அவரே ஓட்டிப் பார்த்தார்" என்ற நம் விடை, எந்தச் சோதனையில் குறை தெரியாதோ அந்தச் சோதனையை அவர் செய்யும்படி விட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்ட விடை. எனவே அந்தப் புன்னகை பொய்தான்.

மாற்றுதல் என்னும் சொல்

இனி மூன்று வழிகளையும் மீண்டும் பார்ப்போம். நாம் 'மாற்றிவிடலாம்' என்று எளிதாகச் சொல்கிறோம். பழைய பெட்டி போய்ப் புதிய பெட்டி வருகிறது. பழைய வண்டி போய்ப் புதிய வண்டி வருகிறது. போனது எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. பழுது தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். அது நம் தலையிலிருந்து இறங்கியிருக்கிறது. வேறொரு தலையில் ஏறியிருக்கிறது. இரைச்சலிடும் கியர் பாக்ஸில் மரத்தூளைப் போட்டு, சத்தம் அடங்கியதும் விற்றுவிடும் தந்திரம் பழைய வண்டி வணிகத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது. தூள் கரையும்வரை வண்டி மௌனம் காக்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

கழற்றி விற்கும் பழைய பெட்டியை வாங்குவதிலும் இதே வினா மறுபுறமாக எழுகிறது. அது ஏன் கழற்றப்பட்டது? விபத்தில் நொறுங்கிய வண்டியின் நல்ல பெட்டியா, யாரோ ஒருவர் இறக்கி வைத்த பழுதா, களவுப் பொருளா? விற்பவர் நம்பிக்கையானவராக இருந்தால் அதுவும் நேர்மையான வழியே. பற்களின் எண்ணிக்கை, கிளட்ச் பிளேட் ஏறும் ஷாஃப்ட்டின் வரிப்பள்ளம், டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருந்தும் முகம் ஆகியவை ஒத்துப்போனால் இரண்டொரு நாளில் வேலை முடிந்துவிடும். அவசரத்தில் இருப்போருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மூடியைத் திறந்து பாராமல் மாட்டுகிறவர், தம் பழுதைக் கொடுத்து அறியாத பழுதை வாங்கியவராகலாம்.

அப்படியானால் பழுது பார்ப்பதே என்றும் அறமா? அவ்வாறு கூற நாம் துணியோம். பெட்டியின் வார்ப்பிரும்பில் விரிசல் கண்டால், உதிரிகள் கிடைக்காமற்போனால், செலவு வண்டியின் விலையையே எட்டினால், மாற்றுவதே அறிவு. வீண் கழிவைப் பெருக்கும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் கண்டித்ததும், நம் நடுவண் அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென இணையத்தளம் ஒன்றை அமைத்து வாகனங்களையும் அதில் சேர்த்ததும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் பழையதைக் காக்கிறோம் என்னும் பெருமையில், கழலும் கியரை ரப்பர் பட்டையால் கட்டி ஆட்களை ஏற்றிச் செல்பவர் கழிவைக் குறைத்தவர் ஆகார். அவரும் பழுதை இறக்கி வைத்தவரே. இறக்கி வைத்த இடம், பின்னிருக்கையில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பவரின் மடி. ஓராண்டு நாம் செய்ததும் அதுதான்.

திறந்து பார்த்தபோது

மறுநாள் அந்த விவசாயியை அழைத்து உள்ளதைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். வேறொன்றும் கூறவில்லை. வண்டியும் வாங்கவில்லை. பேரவையில் ஒருவர் நெடுநாள் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பங்குக்கு வரவேண்டிய பணத்தை நம் மனச்சான்றுக்குச் செலவிட்டுவிட்டதாக அவர் கருதினார். அவர் கருத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மனச்சான்றுக்குரிய விலையை எப்போதும் நாம் மட்டுமே செலுத்துவதில்லை.

மேஸ்திரி முதலில் தரைத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் மேல் மூடியை மட்டும் திறந்தார். குண்டும் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தன. ஃபோர்க்கின் இரு நுனிகளும் தேய்ந்து மெலிந்திருந்தன. கீழே வடித்த ஆயிலில் விரலைத் தோய்த்து வெயிலில் காட்டினார். பித்தளைத் துகள்கள் பொன்னாக மின்னின. அது சிங்க்ரோ வளையத்தின் தேய்மானம். இரும்புச் சில்லு எதுவும் இல்லை. ஆகவே பல் எதுவும் முறியவில்லை. அதன்பின்னரே பெட்டியை இறக்கினார். இரண்டாம் கியரின் கடிபற்கள் மழுங்கியிருந்தன. ஒரு பேரிங் தளர்ந்திருந்தது. பெட்டியும் ஷாஃப்ட்டுகளும் குறையற்றிருந்தன. மாற்றவேண்டியவை, கைக்கடக்கமான ஐந்தாறு பொருள்கள்.

அவ்வாறு திறந்து பார்க்க முடிந்ததே அந்த வண்டியின் பெருமை. 1941 முதல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் உருவாக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தது அதன் அமைப்பு. போர்க்களத்தில் பிரித்துப் பூட்டுவதை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதனால் மலையடிவாரப் பட்டறையும் அதற்குப் போதுமானதாயிற்று.

மதுரையிலிருந்து ஓர் உதிரி வரவேண்டியிருந்ததால் ஒன்பது நாள்கள் ஆயின. புதிய ஆயில் ஊற்றும்போது மேஸ்திரி, விலை மிகுந்த வேறு வகையைத் தவிர்த்தார். பின் அச்சின் பல்சக்கரங்களுக்கென வரும் கடுமையான ஆயிலில் சேர்க்கப்படும் கந்தக மருந்துகள் சில, பித்தளை வளையங்களை அரித்துவிடக் கூடியவை என்று விளக்கினார். ஓரிடத்தில் காப்பது மற்றோரிடத்தில் அரிக்கும். ஆன்ம வழிகாட்டுதலில் ஈடுபடும் நமக்கு இதுவும் ஒரு பாடமாயிற்று.

வண்டி பதிவு புதுப்பிக்கப்பட்டு மேலும் 5 ஆண்டுகள் ஓடியது. இறக்கங்களில் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. 2014 இல் விற்றபோது, எஞ்சின் புகைவதையும், மூன்றாம் கியர் குளிர்ந்த வேளையில் சற்று உறுமுவதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வாங்கியவர் அதைக் காட்டியே விலையைக் குறைத்தார். குறைக்கட்டும், அது அவருக்குரிய பணம்.

அன்பு வாசகர்களே, ஜீப் வைத்திருப்போர் நம்முள் சிலரே. ஆனால் பழுதை இறக்கி வைக்கும் பழக்கம் பலருக்கும் பொதுவானது. பெண் பார்க்க வருவோரிடம் மகனின் குடிப்பழக்கத்தை மறைத்து, திருமணம் ஆனால் திருந்திவிடுவான் என்கிறோம். தவறு செய்த அலுவலரைத் தொலைதூர ஊருக்கு மாற்றுகிறோம். அவ்வூர் மக்கள் என்ன குற்றம் செய்தார்கள்? நம் திருச்சபையிலும், உலகின் பல நாடுகளில், சிறுவருக்குத் தீங்கு செய்தவர்களை ஒரு பங்கிலிருந்து மறு பங்குக்கு மாற்றியதே தீர்வென்று கொள்ளப்பட்டது. அந்த மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர்கள் மறு பங்கின் குழந்தைகள். இவற்றிலெல்லாம் யாரோ ஒருவர் கியர் ராடை இறுகப் பிடித்துக்கொண்டு, எதுவும் நேராததுபோல் முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பழுது பார்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும்; பார்த்ததைச் சொல்ல வேண்டும். அந்த மேஸ்திரி கேட்ட கேள்வி எளியது. நம் கையிலிருந்து ஒரு பொருளோ, ஒரு பொறுப்போ, ஒரு மனிதரோ வேறொருவரிடம் செல்லும் வேளையில் அதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வோம்: அவரிடம் சொல்லிவிட்டோமா?